மார்க் எல்லாம் சரி, வண்டி மட்டும் ஏறவில்லை: ஒரு கேம் டைமிங் கோளாறு

பின்னணி

ஜனவரி கடைசியில், கிராம்பு பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், இந்த வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. பட்டறை நாகர்கோவிலுக்கு வடக்கே, பூதப்பாண்டி போகிற வழியில். வந்தது பழைய பெட்ரோல் ஜீப்: 1.3 லிட்டர், நாலு சிலிண்டர், 16 வால்வு, ஒற்றை கேம் ஷாஃப்ட், டைமிங் பெல்ட், நாலு சக்கரமும் இழுக்கும், லோ கியர் உண்டு. பழகாதவர்களுக்கு: கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு, கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு, கிராங்கின் சுற்றைக் கேமுக்குக் கொண்டுபோகிற பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். மலைத் தோட்டங்களில் இந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக்காரருக்குக் கீரிப்பாறைக்கு மேலே கொஞ்சம் ரப்பரும் கிராம்பும் இருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியவர். தடிக்காரன்கோணம் வரை நல்ல தார் ரோடு, கீரிப்பாறை வரைக்கும்கூடக் குறை சொல்ல முடியாது. அதற்கு மேலே தோட்டத்துக்குள் போகிற பாதைதான் வண்டியைச் சோதிக்கும். உருண்டைக் கல், இரண்டு ஓடை, நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு, ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கிராம்பு மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது, அதனால் ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்க அவருக்குத் தினமும் வண்டி வேண்டும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், பின்னால் எடுத்த ஒரு முடிவுக்கு இந்த அவசரம்தான் பாதிக் காரணம்.

அக்டோபரில் இன்ஜின் முன்பக்கத்தில் ஆயில் கசிந்திருக்கிறது. வேறொரு பட்டறையில் கிராங்க் முன் சீல், டைமிங் பெல்ட், டென்ஷனர் மூன்றையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கசிவு நின்றது, வண்டியும் மூன்று வாரம் போல நன்றாக ஓடியது. அப்புறம் ஏற்றத்தில் இழுவை குறையத் தொடங்கியது. பிளக் மாற்றினார்கள், பெட்ரோல் ஃபில்டரும் பம்பும் மாற்றினார்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள். கடைசியில் கிளட்ச் வழுக்குகிறது என்று சொல்லி 16,000 ரூபாய்க்குக் கிளட்ச் செட்டும் மாற்றியிருக்கிறார்கள். எதற்கும் அசையவில்லை. எங்களிடம் வரும்போது மனிதர் களைத்துப் போயிருந்தார்.

அவர் சொன்னதை நான் அன்றே வேலை அட்டையில் அப்படியே எழுதி வைத்தேன். "ரோட்டுல கொற சொல்ல ஒண்ணும் இல்ல மக்கா. கேட்டு தாண்டி ஏத்தம் தொடங்கிச்சுன்னா செத்துப் போவுது. மொதல்ல இப்படி இல்ல, நாளுக்கு நாள் கூடிட்டே வருது."

இந்த மூன்று வாக்கியத்தில் நோயின் பெயர் கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. எழுதி வைத்த நானே அதைச் சரியாகப் படிக்க நாலு நாள் ஆனது.

முதல் நாள்: ஓட்டிப் பார்த்தது

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தோம். செல்ஃப் வழக்கத்தைவிட நாலைந்து சுற்று அதிகமாகச் சுற்றிய பிறகே பிடித்தது. ஐடிலிங் ஓரளவு சீர், மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை. முன்பக்கத்தில் மங்கலாக ஒரு தட்டல் கேட்டது. டேப்பெட்டாக இருக்கும் என்று எழுதினேன். அது டேப்பெட் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

நான்கு வழிச்சாலையில் ஓட்டினால் அவர் சொன்னது உண்மைதான், வேகம் பிடித்த பிறகு வண்டி தடையில்லாமல் போகிறது. திரும்பி வந்து அழகியபாண்டியபுரம் தாண்டி ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மெதுவாக ஏற்றினேன். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த சத்தம் கூடியதே தவிர இழுக்கவில்லை. இரண்டாவதுக்கு இறக்கி இன்ஜினைச் சுற்றவிட்டதும் ஏறியது. கிளட்ச் வழுக்கினால் சுற்று ஏறும், வண்டி ஏறாது. இதில் சுற்றே ஏற மறுத்தது. ஆகவே கிளட்ச் இல்லை, கீழ்ச் சுற்றில் இன்ஜினுக்குள்ளேயே பலம் இல்லை என்பது முதல் நாளே தெளிவானது. பெட்ரோலும் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தது 7-க்கு இறங்கியிருந்தது.

ஸ்கேனர் போட்டோம், கோளாறு எதுவும் பதிவாகவில்லை. இதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கிராங்குக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என இரண்டு சென்சார் இருக்கிற புது இன்ஜின்களில் இரண்டுக்கும் இடையே பொருத்தம் தவறினால் பி 0016 போன்ற குறியீடு வரும். இந்த மாடலில் கணினி கேம் பக்கத்துச் சுற்றை மட்டும்தான் பார்க்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு இரண்டாவது சாட்சி கிடையாது, கேமும் கிராங்கும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினாலும் அதற்குத் தெரியப்போவதில்லை.

இரண்டாம் நாள்: கேஜ் சொன்னது

இன்ஜினைச் சூடாக்கி காற்று உள்ளே போகிற மேனிஃபோல்ட் குழாயில், உறிஞ்சும் பலத்தைக் காட்டுகிற வேக்குவம் கேஜ் மாட்டினோம். இந்த இன்ஜின் நல்ல நிலையில் ஐடிலிங்கில் பாதரச அளவில் 18, 19 அங்குலம் காட்ட வேண்டும். காட்டியது 15. ஊசி அங்கேயே நின்று லேசாக நடுங்கியது. ஒரு வால்வு சரியாக மூடாமல் இருந்தால் ஊசி விட்டு விட்டு விழும், இங்கே அப்படியில்லை. நாலு சிலிண்டரும் சேர்ந்தே கொஞ்சம் தளர்ந்திருக்கிற மாதிரியான தோற்றம்.

அடுத்து எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்கிற கம்ப்ரஷனைப் பார்த்தோம். 11.2, 11.0, 11.0, 11.1 கிலோ. இருக்க வேண்டியது 13-க்கு மேல். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது ஏறியது 0.3, 0.4 தான். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் நன்றாகவே ஏறியிருக்கும்.

நாலிலும் ஒரே அளவுக் குறைவு, ஆயிலுக்கு ஏறவில்லை, வேக்குவம் குறைவாக ஆனால் நிலையாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கேம் டைமிங் பின்தங்கியிருக்கிறது என்றுதான் வரும். காற்றை உள்ளே விடுகிற இன்டேக் வால்வு தாமதமாக மூடினால், பிஸ்டன் மேலே வரத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருக்கும், இழுத்த காற்றில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். மெதுவாகச் சுற்றும்போது இந்த இழப்பு அதிகம். வேகமாகச் சுற்றும்போது உள்ளே வருகிற காற்றின் வேகமே அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவதால் இழப்பு குறையும். ரோட்டில் ஓடி ஏற்றத்தில் சாகிற வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

போதாததற்கு இது பெல்ட் மாற்றிய வண்டி. ஒரு பல் தவறிப் போட்டிருப்பார்கள் என்ற நம்பிக்கையோடு மேல் கவரைத் திறந்தேன். டைமிங் சரியாக இருந்தால் நேருக்கு நேர் நிற்க வேண்டிய குறிகளைத்தான் மார்க் என்கிறோம். கேம் மார்க் ஹெட்டில் இருக்கிற மார்க்குக்கு நேராக நின்றது. கீழே புல்லி மார்க் பூஜ்யத்தில் நின்றது. ஐடிலிங்கில் டைமிங் லைட் அடித்தும் பார்த்தேன், ஸ்பார்க்கும் சொல்லிய இடத்தில்தான் விழுந்தது. பெல்ட் இறுக்கமும் சரி.

தவறான முடிவு

இங்கே நான் எடுத்த முடிவு தவறு. மார்க் சரி, ஆகவே டைமிங் சரி என்று அட்டையில் டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். கம்ப்ரஷன் கேஜே குறைத்துக் காட்டுகிறதோ என்று வேறொரு நல்ல வண்டியில் மாட்டிப் பார்த்தேன், கேஜ் சரியாக இருந்தது. சைலன்சர் பக்கம், புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டர் அடைத்திருக்குமோ என்ற சந்தேகத்தில் மூன்றாம் நாள் முழுதும் முன் பைப்பைக் கழற்றுவதிலேயே போனது. துருவேறிய ஸ்டட் இரண்டு ஒடிந்தது. பைப் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் சத்தம்தான் கூடியது, இழுவை அதே இழுவை.

அந்தச் சந்தேகமே எழுந்திருக்கக் கூடாது. கன்வெர்ட்டர் அடைத்தால் வேகத்தில்தான் மூச்சு முட்டும், சுற்று கூடக் கூட வேக்குவம் கீழே இறங்கிக்கொண்டே வரும். இங்கே நடந்தது நேர் எதிர். கையில் இருந்த மூன்று அளவுகளும் ஒரு பக்கம் கைகாட்ட, கண்ணால் பார்த்த ஒரு மார்க்கை நம்பி மூன்றையும் ஒதுக்கிவிட்டேன்.

நாலாம் நாள்: காற்று காட்டிக் கொடுத்தது

வால்வு, ரிங், கேஸ்கெட் மூன்றில் எங்கே காற்று போகிறது என்று பார்த்துவிடலாம் என்று லீக் டெஸ்ட்டுக்கு வந்தோம். முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் டாப்பில், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தி உச்சிக்கு வந்த இடத்தில் நிறுத்தி, அதன் நாலு வால்வும் மூடியிருக்கும் நிலையில், பிளக் ஓட்டை வழியாகக் காற்றைக் கொடுத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. பிஸ்டன் சரியாக உச்சியில் நின்றால், கொடுக்கிற காற்று அதை நேராகக் கீழே அமுக்கும், கிராங்கைச் சுற்றாது. சற்று முன்பின் இருந்தால் சுற்றிவிடும்.

புல்லி மார்க்கைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு 70 பவுண்டு காற்று கொடுத்ததும் கிராங்க் சட்டென்று ஓடுகிற திசையில் சுற்றிக் கீழே போய் நின்றது. புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டியபடியே இருந்திருக்கிறது, அது பேட்டரி தட்டில் போய் அடித்தது. பட்டறைப் பையன் ஒரு நொடி முன்புதான் கையை எடுத்திருந்தான். இந்தச் சோதனை செய்கிற யாரும் காற்றைத் திறப்பதற்கு முன் ஸ்பேனரைக் கழற்றிவிடுங்கள். எங்கள் பட்டறையில் இப்போது அது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

ஒரு முறை என்றால் சிறு பிசகு என்று விட்டிருப்பேன். ஸ்பேனரைக் கழற்றிவிட்டு மறுபடி மார்க்கில் வைத்தோம். மறுபடி சுற்றியது, அதே திசை. மூன்றாவது முறையும் அதே திசை. "ஆசானே, மார்க்குல வச்சாலும் தன்னால கறங்குது" என்றான் பையன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்க் பூஜ்யத்தில் நிற்கும்போது பிஸ்டன் உச்சியில் இல்லை, உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும் நான் பார்த்த மார்க் எதோடு ஒட்டியிருக்கிறது?

புல்லியோடு. அந்தப் புல்லி இந்த இன்ஜினில் நேராகக் கிராங்கில் ஏறுவதில்லை, சிறு போல்ட்டுகளால் கிராங்க் பல்சக்கரத்தோடு சேர்கிறது. பல்சக்கரம் கிராங்கில் கீ என்கிற ஒரு சிறு இரும்புத் துண்டின் மேல் உட்கார்ந்து, நடு போல்ட்டின் இறுக்கத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் பிடி நழுவினால் பல்சக்கரம், புல்லி, பெல்ட், கேம், ஸ்பார்க் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பின்தங்கும். தங்களுக்குள் அவை எல்லாம் பொருந்தியே இருக்கும், எந்த மார்க்கும் விலகித் தெரியாது, டைமிங் லைட்டும் சரி என்றே காட்டும். கிராங்கும் பிஸ்டனும் மட்டும் வேறு இடத்தில் இருக்கும்.

அளந்து பார்த்தது

ஊகத்தில் பிரிக்க மனமில்லை. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்து, நடுவில் மரை போட்டு, முனை மழுங்கிய நீள போல்ட் ஒன்றைச் செருகி பிஸ்டன் தடுப்பு செய்தோம். அதை முதல் சிலிண்டரில் மாட்டி, செல்ஃபைத் தொடாமல் கையால் மட்டும், பிஸ்டன் தட்டுகிற வரை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை திருப்ப வேண்டும். இரண்டு நிறுத்தங்களுக்கும் நட்ட நடுவே இருப்பதுதான் உண்மையான டாப். புல்லியில் அளந்தால் நமக்குச் சந்தேகம் உள்ள அதே பொருளை வைத்து அளந்த மாதிரி ஆகிவிடும், அதனால் கியர்பாக்ஸ் பக்கத்துத் திறப்பு வழியாக கிராங்கின் பின்முனையில் இருக்கிற ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லில் அளந்தோம். ஃப்ளைவீல் கிராங்கோடு நேராக போல்ட் ஆனது, அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

உண்மையான டாப்புக்கும், புல்லி மார்க் காட்டிய டாப்புக்கும் ஃப்ளைவீலில் மூன்று பல் வித்தியாசம். ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 3.3 டிகிரி, ஆக சுமார் 10 டிகிரி தாமதம். இந்த எண்ணே இன்னொரு செய்தியும் சொல்கிறது. கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் பெல்ட் ஒரு பல் தவறும்போது 18 டிகிரி விலக வேண்டும். பல் கணக்கில் அரை என்பதே கிடையாது. 10 டிகிரி வருகிறது என்றால் பெல்ட்டின் மேல் பழி இல்லை.

கடைசியாக ஒன்று செய்தோம். தடுப்பை எடுத்துவிட்டு ஃப்ளைவீலை நெம்பி ஓடுகிற திசையில் கொஞ்சம் திருப்பி, அங்கிருந்து பின்னோக்கித் திருப்பினோம். மூன்று பல் அளவுக்கு ஃப்ளைவீல் மட்டும் நகர்ந்தது, முன்னால் புல்லி அசையாமல் நின்றது, அப்புறம் 'டக்' என்ற சத்தத்தோடு அதுவும் சேர்ந்து வந்தது. முதல் நாள் டேப்பெட் என்று எழுதிய சத்தம் அதுதான். இன்ஜினைப் பின்னோக்கித் திருப்பக்கூடாது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், அது சரியான பழக்கம்தான். பெல்ட் போடும்போது அதை மீற வேண்டாம். ஆனால் முன்னோக்கி மட்டுமே திருப்பிக்கொண்டிருந்தால் இந்த ஆட்டம் யார் கைக்கும் தட்டுப்படாது.

பிரித்தபோது

ஐந்தாம் நாள் பிரித்தோம். அந்த நடு போல்ட்டை இளக்க நீளக் கைப்பிடியோடு பைப்பும் சேர்த்து மாட்டித் தொங்க வேண்டியிருக்கும் என்று தயாராக நின்றோம். சாதாரணக் கைப்பிடியில், ஒரு கை அழுத்தத்தில் இளகி வந்தது. உள்ளே கீயைச் சுற்றிச் செம்பழுப்பில் மாவு போலப் பொடி. இரும்போடு இரும்பு உரசி உரசி வருகிற பொடி அது, மழை ஈரத்தில் பிடிக்கிற துருவுக்கு அந்த மென்மை இருக்காது. கீயின் ஒரு பக்கம் படி விழுந்த மாதிரி தேய்ந்திருந்தது. பல்சக்கரத்தில் கீ உட்காருகிற பள்ளமான காடியும் விரிந்திருந்தது. கிராங்கின் காடியில் உந்துகிற பக்கச் சுவர் மட்டும் முக்கால் மில்லிமீட்டர் போலக் கரைந்திருக்க, எதிர்ச் சுவர் கூர்மையாக அப்படியே இருந்தது.

நடந்தது என்ன என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. முன் சீல் மாற்ற இந்தப் பல்சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். திருப்பிப் போடும்போது போல்ட் உரிய அளவு இறுகவில்லை. சுமையைத் தாங்குவது கீ என்று பலர் நினைக்கிறார்கள். அது பல்சக்கரம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதைக் காட்டுவதற்காக இருக்கிற சின்னத் துண்டு. சுமையைத் தாங்குவது போல்ட் கொடுக்கிற இறுக்கமும் அதனால் வருகிற உராய்வும். இறுக்கம் போனால் ஒவ்வொரு கேம் மேடும் ஏறி இறங்கும்போது பல்சக்கரம் முன்னும் பின்னும் ஆடிக் கீயை அரைக்கும். ஒரே நாளில் இது நடக்காது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். பெல்ட் ஒரு பல் தவறிப் போட்டிருந்தால் பட்டறை வாசல் தாண்டும்போதே இழுவை குறைந்திருக்கும். இந்த வண்டி மூன்று வாரம் நன்றாக ஓடியது. "நாளுக்கு நாள் கூடிட்டே வருது" என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான்.

மற்ற அறிகுறிகளும் இதோடு பொருந்தின. ஸ்பார்க் கேமிலிருந்து வருவதால் அதுவும் 10 டிகிரி தாமதம், குறைந்துபோன இழுவையில் பாதி அதனால் குறைந்திருக்கும். மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலை அளக்கிற கணினி, வேக்குவம் குறைந்ததைப் பாரம் கூடியதாக எடுத்துக்கொண்டு அதிகமாக ஊற்றியிருக்கிறது, மைலேஜ் அப்படிப் போனது.

என்ன செய்வது என்ற பேச்சு

முதல் வழி, இன்ஜினை இறக்கி வேறு கிராங்க் போடுவது. முழுமையான வழி அதுதான், மூன்று வாரமும் பெரிய செலவும் ஆகும். இரண்டாவது, காடியை வெல்டிங் வைத்து அடைத்துப் புதிதாக வெட்டுவது. கிராங்க் வண்டியிலேயே இருக்க, புது சீலுக்குப் பக்கத்தில் அந்தச் சூட்டைக் கொடுக்க எனக்குத் துணிவு இல்லை, கிராங்க் முனை வளைந்தால் அப்புறம் எதுவும் மிஞ்சாது. மூன்றாவது, புது பல்சக்கரம், புது போல்ட், விரிந்த காடிக்கு ஏற்ற படி வைத்த கீ: கிராங்கில் உட்காருகிற கீழ்ப்பாதி அகலமாக, பல்சக்கரத்துக்குள் போகிற மேல்பாதி பழைய அளவில்.

மூன்றையும் அவரிடம் விளக்கினேன். பிரித்த கீயை அவர் கையில் கொடுத்துக் காட்டினேன். சுண்டு விரல் நகம் அளவு கூட இல்லாத துண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா தம்பி கிளட்ச்ச மாத்துனேன்" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மூன்று மாதமாக அவர் கொடுத்த காசு ஒவ்வொன்றும் யாரோ ஊகித்ததற்குக் கொடுத்த காசு, நான் ஒடித்த இரண்டு ஸ்டட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கிராங்க் காடியின் ஒரு சுவர் முழுதாக இருந்ததாலும், பறிப்பு முடிய இன்னும் ஆறு வாரம் இருந்ததாலும் மூன்றாவது வழி என்று முடிவானது. இது புதுக் கிராங்குக்குச் சமம் இல்லை, குறித்த நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும், மறுபடி ஆட்டம் தெரிந்தால் இன்ஜினை இறக்குவதுதான் என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன்.

கீயைக் கோட்டாற்றில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். முதலில் செய்தது தளர்வு, இரண்டாவதுதான் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி ஏறுகிற அளவுக்கு வந்தது. காடியும் கிராங்க் முனையும் ஆயில் இல்லாமல் துடைத்து, உலோகத்தை உலோகத்தோடு பிடிக்க வைக்கிற பசையைத் தடவி ஏற்றினோம். ஃப்ளைவீலைப் பூட்டி வைத்துக்கொண்டு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். பெல்ட்டையோ கேமையோ பிடித்துக்கொண்டு இந்த போல்ட்டை இறுக்கக்கூடாது. பெல்ட் போட்ட பிறகு பிஸ்டன் தடுப்பை மறுபடி மாட்டி டாப் பார்த்தோம். புல்லி மார்க்கும் ஃப்ளைவீல் டாப்பும் இந்த முறை ஒன்றாக நின்றன. போல்ட் தலை, பல்சக்கரம், கிராங்க் முனை மூன்றையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தோம், எது நகர்ந்தாலும் கோடு உடையும்.

பின்பு

கம்ப்ரஷன் 13.4, 13.2, 13.3, 13.3. வேக்குவம் 18.5, ஊசி நடுங்கவில்லை. முன்பக்கத் தட்டல் போயிற்று. லீக் டெஸ்ட்டை உண்மையான டாப்பில் வைத்து முடித்தோம், நாலு சிலிண்டரிலும் இழப்பு பத்து சதவீதத்துக்குள். வால்வும் ரிங்கும் முதலிலிருந்தே நல்லவை. கம்ப்ரஷன் குறைவு, லீக் இல்லை என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் காற்று ஓட்டையில் போகவில்லை, வால்வு நேரத்தில் போகிறது.

மறுநாள் அவரோடு தோட்டத்துக்கே போனேன். கேட்டைத் தாண்டி, ஓடையைக் கடந்து, கொண்டை ஊசியில் லோவில் இரண்டாவது கியர். ஆறு ஆட்கள் பின்னால். ஐடிலிங்குக்குச் சற்று மேலே வைத்தே ஏறியது. அவர் எதுவும் பேசவில்லை, மேலே போய்ச் சேர்ந்ததும் இறங்கி எனக்குக் கட்டன் சாயா போடச் சொன்னார்.

பில் 9,400 ரூபாய் வந்தது. சைலன்சர் ஸ்டட்டுக்கும் மூன்றாம் நாள் கூலிக்கும் காசு வாங்கவில்லை.

முன்பு வேலை செய்த பட்டறைக்கு நானே போன் செய்தேன். சண்டைக்கு இல்லை, அங்கே இன்னும் எத்தனை வண்டிக்கு அதே மாதிரி சீல் மாற்றியிருப்பார்கள் என்ற கவலை. அந்த மெக்கானிக் நேரில் வந்து கீயைப் பார்த்தார். ஏர் கன்னால் இறுக்கியதாகவும், அன்று கம்ப்ரஸரில் காற்று குறைவாக இருந்திருக்கலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். ஏர் கன் அடிக்கிற சத்தம் இறுகியதற்குச் சாட்சி இல்லை. தன் கையால் சீல் மாற்றிய வேறு இரண்டு வண்டிகளைக் கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார், அதை நான் மதிக்கிறேன்.

500 கிலோமீட்டரில் ஒரு முறை, மே மாதத்தில் மழைக்கு முன் ஒரு முறை கவரைத் திறந்து பார்த்தோம். பெயிண்ட் கோடு உடையவில்லை, ஃப்ளைவீலைப் பின்னோக்கி நெம்பினால் புல்லியும் கூடவே வருகிறது, மைலேஜ் மறுபடி 10-ஐத் தொட்டிருக்கிறது.

இனி மாற்றிச் செய்வது

வேலை அட்டையில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: கோளாறு ஒரே நாளில் வந்ததா, மெல்ல வந்ததா. இதைக் கேட்டு அதன்படி யோசித்திருந்தால் கன்வெர்ட்டர் பக்கம் போயிருக்க மாட்டேன். கடைசியாகக் கைவைத்த வேலை எது, அந்த வேலைக்கு எதையெல்லாம் கழற்றியிருக்க வேண்டும் என்றும் எழுதுகிறோம். 'பெல்ட் மாற்றினார்கள்' என்று கேட்ட நான் 'சீல் மாற்றினார்கள்' என்பதைக் காதில் வாங்கவில்லை, குற்றவாளி அந்தச் சொல்லுக்குள்தான் இருந்தது.

நாலு சிலிண்டரும் சமமாகக் குறைந்தால், மார்க்கைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அன்றே பிஸ்டன் தடுப்பைப் போடுகிறோம். செய்ய ஒரு பழைய பிளக்கும் அரை மணி நேரமும் போதும். அது இல்லாத இடத்தில் முதல் பிளக் ஓட்டையில் நீளமான ஒரு குச்சியை விட்டு, மார்க் பூஜ்யத்துக்கு வரும்போது குச்சியும் உச்சியில் நிற்கிறதா என்றாவது பார்க்கலாம். உச்சியருகே பிஸ்டன் மிக மெதுவாக அசையும் என்பதால் சில டிகிரி வித்தியாசம் குச்சியில் தெரியாமல் போகும், 10 டிகிரி என்றால் கவனமாகப் பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வரும். குச்சி உள்ளே ஒடியாத பொருளாக இருக்கட்டும்.

முன் சீல் மாற்றுகிற ஒவ்வொரு வண்டிக்கும் இப்போது புதுக் கீயும் புது நடு போல்ட்டும் போடுகிறோம். இரண்டுக்கும் சேர்த்து ஆகிற காசு ஒரு பிளக் செட் விலைகூட வராது. டார்க் ரெஞ்சில் இறுக்கிய அளவைப் பில்லில் எழுதி, இறுக்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். கீரிப்பாறை வண்டி அடுத்து ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வர வேண்டும், தேதியைச் சுவரில் குறித்து வைத்திருக்கிறோம். அன்று கவரைத் திறந்து கோட்டைப் பார்க்கிற வேலை பையனுடையது.